கரண்ட் அடுப்பு: திருகோணமலைக் குசினிகளில் இருந்து வரும் கேள்விகள்

திருகோணமலை டவுனில் கரண்ட் சாமான் திருத்துகிற சின்னக் கடை என்னுடையது. 2021 கடைசியில் காஸ் அடுப்பு வெடித்த செய்திகள் நாடு முழுக்க வரத் தொடங்கின. அடுத்த வருடம் சிலிண்டருக்கு வரிசையில் நின்றே காலம் போனது. அந்த நாட்களில்தான் உவர்மலையிலும் பாலையூற்றிலும் நிலாவெளிப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு கரண்ட் அடுப்பு ஏறியது. காஸ் திரும்ப வந்துவிட்டது, வாங்கிய அடுப்பு போகவில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பழுதாகி என் மேசைக்கு வருகின்றன. கொண்டு வருகிறவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்தான் கீழே இருப்பது. ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன்: கருகி வருகிற சாமானில் அடுப்பின் குற்றம் குறைவு. சுவரில் இருக்கிற பொயின்ட், பிளக், வயர், அப்புறம் விறகடுப்பில் பழகிய நம் கை, இவைதான் பெரும்பாலும் காரணம்.

என் வீட்டில் இருப்பது எந்த வகை அடுப்பு?

மேலே கறுத்த இரும்பு வட்டம் இருந்தால் அது ஹொட் பிளேட். சுருள் சுருளாகக் குழாய் ஓடினால் கொயில் அடுப்பு. அந்தக் குழாய்க்குள் நிக்ரோம் கம்பி இருக்கும், அதைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட் என்கிற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். இந்தத் தூளின் கதை பிறகு வரும். மேலே முழுக்கக் கறுப்புக் கண்ணாடி என்றால் இரண்டில் ஒன்று: சுவிட்சைப் போட்டதும் கண்ணாடிக்கடியில் சிவந்தால் செராமிக், பாத்திரம் வைக்காமல் போட்டால் கீ கீ என்று கத்தினால் இண்டக்‌ஷன்.

இன்னொன்றும் உண்டு. சுட்ட மண் தட்டில் பள்ளம் போட்டு, கம்பிச் சுருளை மூடாமல் அப்படியே படுக்க வைத்தது. விலை மலிவு. அந்தக் கம்பியில் நேராக 230 வோல்ட் ஓடுகிறது. எவர்சில்வர் கரண்டி நழுவி அதில் பட்டாலும் ஆபத்து, சொதி பொங்கி ஊற்றினாலும் ஆபத்து. இதைத் திருத்தித் தரச் சொன்னால் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

சாதாரண பிளக் பொயின்ட்டில் போடலாமா?

அடுப்பின் அடியில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் எத்தனை வாட்ஸ் என்று பாருங்கள். அதை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட்ஸ் அடுப்பு ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 என்றால் 13 ஆம்பியர். சதுர முள் பொயின்ட்டின் எல்லையே அதுதான். பழைய வீடுகளில் இருக்கிற சின்ன உருண்டை முள், 5 ஆம்பியர் பொயின்ட்டில் அடுப்பே போடக்கூடாது. ‘அடப்டர் இருக்கு அண்ணா’ என்பார்கள். அடப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், சுவருக்குள் போகிற வயரைத் தடிப்பாக்காது.

சதுர முள் பொயின்ட்டாக இருந்தாலும் பிளக் ஆடாமல் இறுக்கமாக நிற்கவேண்டும். ஏன் என்றால், தளர்ந்த இடத்தில் பிறக்கும் சூடு ஆம்பியரோடு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கத்தில் ஏறும். 100 வாட்ஸ் டிவியைவிட 2000 வாட்ஸ் அடுப்பு 20 மடங்கு கரண்ட் இழுக்கிறது. அதே தளர்ந்த பொயின்ட்டில் சூடு 400 மடங்கு. ‘இதில்தானே இத்தனை வருசமாக டிவி ஓடியது, ஒன்றும் ஆகவில்லையே’ என்பதற்கு இதுதான் பதில்.

என் வீட்டுக் கதை ஒன்று. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். ஒரு வெள்ளி காலை புட்டு அவிந்துகொண்டிருக்க, குசினியில் மீன் மணம். பூனை எதையாவது இழுத்து வந்துவிட்டதோ என்று மனைவி வாங்குக்கு அடியிலெல்லாம் தேடினார். நான் மோந்து மோந்து போய் நின்ற இடம் பிளக் பொயின்ட். பிளக்கைக் கழற்றினால் முள் விரலைச் சுட்டது. பொயின்ட்டின் ஒரு துளையைச் சுற்றி தேத்தண்ணிக் கறை மாதிரி மண்ணிறம். பிளக்கும் பொயின்ட்டும் செய்கிற சிலவகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் நாற்றம்தான் வரும். நம் ஊரில் இது பெரிய வில்லங்கம். சாளையும் சூரையும் வாரத்தில் ஐந்து நாள் சட்டியில் கிடக்கிற குசினியில் யார் இதைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? அன்று வெள்ளிக்கிழமையாக இருந்ததால் பிடிபட்டது. திருத்துகிறவன் வீட்டிலேயே இந்த நிலைமை.

ஆகவே, அடுப்பை அரை மணி நேரம் ஓட்டியபின் சுவிட்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, பிளாஸ்டிக் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கவைக்கிற சூடு என்றால் பொயின்ட்டை மாற்றவேண்டும். பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். கருகின முள்ளைப் புதுப் பொயின்ட்டில் குத்தினால் அதுவும் கெதியில் கெட்டுப்போகும்.

பிளக்குக்குள் ஒரு சின்ன பியூஸ் இருக்கிறது. அது போனால் அதே 13 ஆம்பியரில் வாங்கிப் போடுங்கள். சிகரட் பெட்டித் தாளைச் சுற்றிப் போட்ட பிளக்குகளை நான் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட.

நாலு அடுப்புக் கண்ணாடி ஹொப் வெளிநாட்டில் இருந்து தம்பி அனுப்பியிருக்கிறான். எப்படிப் பூட்டுவது?

பிளக் போட்டுப் பூட்டுகிற சாமான் இல்லை அது. நாலும் சேர்ந்து 7000 வாட்ஸுக்கு மேல் போகலாம். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 30 ஆம்பியர் ஒற்றை பேஸ் இணைப்பு. 230 ஆல் பெருக்கினால் 6900 வாட்ஸ். வீட்டில் மின்விசிறி சுற்றாமல், பிரிட்ஜ் ஓடாமல் இருந்தால்கூடக் காணாது. மெயின் போர்டில் இருந்து தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். இணைப்பையே கூட்டவேண்டி வரலாம். என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டு, ஹொப்போடு வந்த புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். தம்பியின் அன்புக்காக வீட்டு வயரிங்கைப் பலி கொடுக்கவேண்டாம். இரண்டடுப்பு உள்ளதை அனுப்பச் சொன்னால் செலவும் குறையும்.

எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டால் என்ன?

வேண்டாம். மெல்லிய எக்ஸ்டென்ஷனில் 0.75 சதுர மில்லிமீற்றர் வயர்தான் இருக்கும். அது தாங்குவது ஏறக்குறைய 6 ஆம்பியர், அடுப்பு இழுப்பதோ 9. வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு பாவித்தால் இன்னும் மோசம், சூடு போக வழி இல்லாமல் உள்ளுக்குள்ளேயே உருகி ஒட்டிவிடும். இன்றைக்குக் கட்டாயம் வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 1.5 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ளது, எர்த் உள்ளது, முழுதாக விரித்து, வேறெதையும் அதில் சொருகாமல். நாளைக்குச் சுவரில் பொயின்ட் அடியுங்கள்.

அடுப்பைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது. செருப்புப் போட்டால் அடிக்கவில்லை. அப்படியே சமைக்கலாமா?

இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கடையில் இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வராது.

அடுப்பின் உடம்புக்குக் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். கசிந்த கரண்ட் எர்த் வயர் வழியாக நிலத்துக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை, அதனால் உங்கள் வழியாகப் போகப் பார்க்கிறது. செருப்பு அந்த வழியைக் கொஞ்சம் மறிக்கிறது, அவ்வளவுதான். தேங்காய் உடைத்த தண்ணீர் தரையில் கிடக்க, ஒரு கை அடுப்பிலும் மற்றக் கை தண்ணீர்க் குழாயிலும் இருந்தால் செருப்பு உங்களைக் காப்பாற்றாது. அன்றே நிறுத்துங்கள்.

எர்த் ஏன் வேலை செய்யவில்லை என்று பார்த்தால் மூன்று காரணம் அடிக்கடி வரும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடப்டரில் குத்தியிருப்பார்கள். எர்த் அந்த இடத்திலேயே அறுந்துவிட்டது. அல்லது, பொயின்ட்டுக்குள் எர்த் வயர் கொளுவாமல் வெறுமனே தொங்கும். அவசர வயரிங்கில் இது சகஜம். மூன்றாவது நம் மண். அலஸ்தோட்டம், உப்புவெளிக் கரையோரமாக நிலம் முழுக்க மணல். காய்ந்த மணல் கரண்டை வடிவாகக் கடத்தாது. மாரியில் சரியாக இருந்த எர்த், ஆடி மாதக் கச்சான் காற்றில் நிலம் வறண்டதும் பலவீனமாகிவிடும். எர்த் வயரை நிலத்தோடு சேர்க்கிற எர்த் கூர் எங்கே இறக்கியிருக்கிறது என்று பாருங்கள். கூரைக்கடியில் தண்ணீரே படாத மூலையில் இருந்தால், ஈரம் நிற்கிற இடத்தில் இன்னொரு நீளமான கூர் இறக்கி, அளவு பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் வைத்து அளக்காமல் ‘நல்லா இருக்கு’ என்று சொல்கிறவரை நம்பவேண்டாம்.

கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பை வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் மெயின் போர்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்குரியது 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழுகிற வகை. அதில் சோதிக்கிற ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், மாதம் ஒருமுறை அமத்துங்கள். அமத்தினால் டக்கென்று விழவேண்டும். விழாவிட்டால் அது சுவரில் தொங்குகிற அலங்காரம்.

மாரியில் மட்டும் அடுப்பைப் போட்டதும் ட்ரிப் விழுகிறது. வெயில் காலத்தில் ஒன்றும் இல்லை.

முன்னே சொன்ன வெள்ளைத் தூளின் வேலை. மக்னீசியம் ஒக்சைட் ஈரத்தை உறிஞ்சும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் மழையும் மாறி மாறி அடிக்கிற நேரம், இரண்டு மூன்று கிழமை பாவிக்காத ஹொட் பிளேட் அலுமாரிக்கு மேல் கிடந்தால் குழாயின் வாய் வழியாக ஈரம் ஏறிவிடும். போட்டதும் கரண்ட் கசிந்து ட்ரிப் விழும். தினமும் பாவிக்கிற அடுப்புக்கு இது வராது, தன் சூட்டிலேயே காய்ந்துவிடும்.

இரண்டு நாள் காற்றோட்டமான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். வெயில் எட்டிப் பார்த்தால் வெயிலில் வையுங்கள். அப்புறமும் விழுந்தால் கடைக்குக் கொண்டுவரவேண்டியதுதான். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயர் கொடுத்து ‘ஒருக்கா சூடாக்கிப் பார்ப்போம்’ என்று இறங்குவது. சிலர் எர்த் வயரைக் கழற்றிவிட்டு, ட்ரிப் விழவில்லை, சரியாகிவிட்டது என்று சந்தோசப்படுவார்கள். கரண்ட் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது.

கண்ணாடி அடுப்பில் சீனிப்பாகு ஊற்றிவிட்டது. ஆறினபின் சுரண்டலாமா?

ஆறவிட்டால் கண்ணாடி போச்சு. கண்ணாடி அடுப்பில் பொதுவாகச் சூடாக இருக்கும்போது கைவைக்காதே என்றுதான் சொல்வோம். சீனிக்கு மட்டும் சட்டம் தலைகீழ்.

போன தீபாவளிக்கு முன் ஓர் அக்கா கொண்டுவந்த செராமிக் அடுப்பைச் சொல்கிறேன். பயத்தம் உருண்டைக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சியிருக்கிறார். ஓரத்தால் இரண்டு கரண்டி அளவு வழிந்திருக்கிறது. ‘ஆறட்டும், காலையில் ஊறவைத்துத் துடைப்போம்’ என்று விட்டுவிட்டார். காலையில் பாகு கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் நெம்பினார். பாகு வந்தது, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு அடுப்பின் மேற்பரப்பும் செதில் செதிலாக வந்தது. நான் விரலால் தடவிப் பார்த்தேன், அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. அந்தக் கண்ணாடி சூட்டுக்கு விரிவதோ சுருங்குவதோ இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் 700 பாகை சூட்டைத் தாங்குகிறது. பாகு அப்படியில்லை, ஆறும்போது சுருங்கும். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சுருங்கும்போது மேல் தோலைப் பிய்த்தெடுக்கிறது. அந்தக் குழிக்கு மருந்து கிடையாது, கண்ணாடியைத்தான் மாற்றவேண்டும். விலையைக் கேட்டதும் அக்கா அடுப்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குழி ஆழமில்லை, வெடிப்பும் இல்லை, இப்போதும் அதில்தான் சமைக்கிறார்.

செய்யவேண்டியது இது. பாகு வழிந்த உடனே சூட்டைக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள், பாத்திரத்தைத் தூக்குங்கள். பிளேட் பூட்டிய சுரண்டி ஒன்று கடைகளில் கிடைக்கும். அதை அரைவாசி சாய்த்துப் பிடித்து, பாகை சூடான இடத்தில் இருந்து குளிர்ந்த ஓரத்துக்குத் தள்ளுங்கள். கையில் தடித்த துணியோ அடுப்புக் கையுறையோ இருக்கட்டும். கொதிக்கிற சீனி தோலில் ஒட்டினால் எண்ணெய்யைவிட மோசமாகச் சுடும். முழுக்கத் தள்ளியபின் அடுப்பை நிறுத்தி, ஆறவிட்டு, மிச்சத்தை ஈரத் துணியால் துடையுங்கள். தொதல், பால் டொபி, கித்துள் பாணி, ஜாம் எல்லாவற்றுக்கும் இதே பாடம். பிளாஸ்டிக் கரண்டியோ சொப்பிங் பையோ அலுமினியத் தாளோ உருகி ஒட்டினாலும் இதே அவசரம்.

தொதல் கிண்டுவதாக இருந்தால் தயவுசெய்து முற்றத்தில் விறகடுப்பில் கிண்டுங்கள். மணிக்கணக்கில் பெரிய தாச்சியைப் போட்டு ஆட்டுவதற்குக் கண்ணாடி அடுப்பு பிறக்கவில்லை.

கண்ணாடி முழுக்கக் கீறல் விழுந்துவிட்டது. எதனால்?

உங்கள் வீட்டில் மணல் இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார்கள். டச்சுக்குடாவில் நடந்துவிட்டு வந்த பிள்ளையின் காலோடு வரும், யன்னலால் காற்றோடு வரும். கடல் மணலில் இருக்கும் படிகக்கல் துணுக்குகள் கண்ணாடியைக் கீறக்கூடிய வன்மை உள்ளவை. நம் மாவட்டத்துப் புல்மோட்டைக் கரை மணலில் சிர்க்கோன் என்கிற கனிமமும் இருக்கிறது, அது படிகக்கல்லைவிட இன்னும் வன்மை. சட்டியின் அடியில் ஒட்டிய இரண்டு மணியோடு அதை அடுப்பில் இழுத்தால் கோடு விழும். பாத்திரத்தின் அடியைத் துடைத்துவிட்டு வையுங்கள். நகர்த்தவேண்டுமானால் தூக்கி வையுங்கள், இழுக்காதீர்கள்.

மற்றக் காரணம் நம் கைப்பழக்கம். தேங்காய்த் தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வளர்ந்த கை. மண்சட்டிக்கு அது சரி. கண்ணாடிக்கு மெல்லிய துணி, பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு சொட்டு, அவ்வளவு போதும். கம்பித் தும்பு கூடாது.

எந்தப் பாத்திரம் சரி? மண்சட்டி வைக்கலாமா?

இண்டக்‌ஷனுக்குக் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிப் பாருங்கள். இறுக்கமாக ஒட்டினால் சரி. அலுமினியம், பித்தளை, மண்சட்டி எதுவும் வேலை செய்யாது. எவர்சில்வரில் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது; கடைக்குப் போகும்போது பிரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தப் பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

செராமிக்கிலும் ஹொட் பிளேட்டிலும் மண்சட்டி சூடாகும்தான். ஆனால் அடி உருண்டையாக இருப்பதால் நடுவில் ஒரு புள்ளி மட்டும் தொட்டு, அந்த இடத்தில் வெடிக்கும். மீன் குழம்பு மண்சட்டியில் வைத்தால்தான் மீன் குழம்பு என்று என் மாமியார் சொல்வார், நானும் மறுக்கமாட்டேன். அதற்குக் காஸ் அல்லது விறகு. உருண்டை அடித் தாச்சியும் அப்படித்தான்; தட்டை அடியாக வாங்குங்கள். பழைய அலுமினியச் சட்டிகளின் அடி வெளியே பிதுங்கியிருக்கும். அடியில் ஒரு அடிமட்டத்தை நிறுத்தி வைத்து, இடையால் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் கரண்ட் வீண், அடுப்பும் தேவைக்கு மேல் சூடாகும்.

பாத்திரம் வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். ஐம்பது பேருக்குச் சோறு வடிக்கிற பானையை ஒற்றை ஹொட் பிளேட்டில் ஏற்றினால் பக்கவாட்டில் சூடு திரும்பி, திருகுகிற குமிழ்கள் உருகும். பானை சரிந்து விழுகிற ஆபத்து வேறு.

மிளகாய், மல்லி வறுக்கும்போது இண்டக்‌ஷன் தானாக நின்றுவிடுகிறது. பழுதா?

பழுது இல்லை. கண்ணாடிக்கடியில் சூடு பார்க்கிற உணரி ஒன்று இருக்கிறது. தண்ணீரோ எண்ணெய்யோ இல்லாத சட்டியின் அடி மளமளவென்று சூடேறும், உணரி பயந்து நிறுத்திவிடும், திரையில் ஏதோ எழுத்தும் எண்ணும் வரும். கறித்தூளுக்கு வறுப்பது என்றால் நடுத்தரச் சூட்டில், கொஞ்சம் கொஞ்சமாக, இடையில் ஆறவிட்டு வறுங்கள். ஒட்டாத பூச்சுள்ள சட்டியை இதற்குப் பாவிக்கவேண்டாம். 260 பாகைக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கி நச்சுப் புகை விடும்; வெறுஞ்சட்டி இண்டக்‌ஷனில் அந்தச் சூட்டைத் தொட அதிக நேரம் எடுக்காது.

கண்ணாடி வெடித்துவிட்டது, மயிர்க்கோடு மாதிரித்தான். பாவிக்கலாமா?

கூடாது. கோடு வழியாகச் சொதி இறங்கினால் உள்ளே இருப்பது 230 வோல்ட். அடுப்பைத் தொடாமல் சுவர் சுவிட்சையோ பிரேக்கரையோ நிறுத்துங்கள். டேப் ஒட்டுவது, பசை பூசுவது எல்லாம் வேண்டாம். பெரும்பாலும் இது நடப்பது மேல்தட்டில் இருந்து உப்புப் போத்தலோ ஊறுகாய்ப் போத்தலோ விழுவதால். எவ்வளவு சூடு தாங்கினாலும் ஒரு புள்ளியில் விழுகிற அடியை அது தாங்காது. அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற தட்டைக் காலியாக்குங்கள்.

சமைக்கும்போது கரண்ட் போனால்?

குமிழைத் திருகி நிறுத்துங்கள், அப்புறம்தான் மெழுகுதிரி தேடவேண்டும். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டிய காலத்தில், குமிழ் திருகிய நிலையிலேயே மறந்துவிட்ட ஹொட் பிளேட்டின் மேல் பாண் சுற்றிய பையை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போன வீடு ஒன்றை எனக்குத் தெரியும். கரண்ட் வந்தது, பிளேட் காய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புகையைக் கண்டு யன்னலை உடைத்துப் போனார். குமிழ் வைத்த அடுப்புக்கு நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களா இல்லையா என்று தெரியாது. இண்டக்‌ஷன் பெரும்பாலும் தானாகத் திரும்பத் தொடங்காது, ஆனாலும் பிளக் சுவிட்சை நிறுத்துங்கள்.

இப்போது வெட்டு இல்லை என்று சொல்லவேண்டாம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை சமைக்கிற நேரம் பார்த்து நாடு முழுக்க இருண்டதே. பாணந்துறையில் ஒரு குரங்கு காரணம் என்று அமைச்சர் சொன்னார். திருகோணமலைக் குரங்குகள் அன்று நிரபராதிகள்.

இடி மின்னல் நேரத்தில் இண்டக்‌ஷனின் பிளக்கையே கழற்றிவிடுங்கள். அதற்குள் இருக்கிற எலக்ட்ரோனிக் பலகை ஒருமுறை அடிபட்டால் திருத்துகிற செலவுக்குப் புதுசே வாங்கலாம்.

பிளாட்டில் இருக்கிறோம், முற்றம் இல்லை. தைப்பொங்கலுக்குக் கரண்ட் அடுப்பில் பொங்கலாமா?

பால் பொங்கி வழியவேண்டும் என்பது சடங்கு, வழியக்கூடாது என்பது அடுப்பின் விருப்பம். பானையில் பாலும் தண்ணீரும் முக்கால்வாசிக்குக் கீழே இருக்கட்டும். நுரை விளிம்புக்கு வந்ததும் சூட்டை இறக்குங்கள், ஒரு கோடு வழிந்தால் போதும். ஹொட் பிளேட்டில் அதற்கு மேல் வழிந்தால் குமிழின் துளையால் உள்ளே இறங்கும். வெறும் பால் கருகினால் துடைத்து எடுக்கலாம். சர்க்கரை போட்டபின் வழிவதுதான் மேலே சொன்ன பாகு வழக்கு, ஆகவே அந்தக் கட்டத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள்.

ஹொட் பிளேட் துருப்பிடிக்கிறது.

கடற்கரை ஊர், உப்புக் காற்று, தப்பாது. ஈரத் துணியால் துடைத்தபின் ஒரு நிமிடம் போட்டுக் காயவையுங்கள். நிறுத்தி, இளஞ்சூட்டில் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டைத் தாளில் தொட்டு மெல்லிசாகப் பூசுங்கள். அடுத்தமுறை போடும்போது கொஞ்சம் புகையும், பயப்படவேண்டாம். புது அடுப்பை முதன்முதல் பாத்திரம் இல்லாமல் சில நிமிடம் போடும்போது வருகிற புகையும் அப்படித்தான், யன்னலைத் திறந்துவிடுங்கள்.

மேலே தெரிகிற துருவைவிட உள்ளே வயர் பூட்டுகிற இடத்தில் பிடிக்கிற பச்சைக் களிம்புதான் கெட்டது. திருக்கடலூர்ப் பக்கத்தில் இருந்து வருகிற அடுப்புகளைத் திறந்தால் செப்பு வயர் நுனி பாசி படர்ந்த மாதிரி இருக்கும். தொடுப்பு கெட்டு, சூடாகி, அந்த வயர் கருகும். வருடம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்வித்தால் அடுப்புக்கு ஆயுள் கூடும்.

இண்டக்‌ஷனுக்குள் எறும்பு, பல்லி போகுமா?

போகும். இளஞ்சூடு அவைகளுக்குப் பிடிக்கும். பலகையில் குறுக்கே கிடந்து கருகிய பல்லியால் போன அடுப்புகள் பல பார்த்துவிட்டேன். இரவில் அடுப்பைத் துடைத்து, சோற்றுப் பருக்கை இல்லாமல் வையுங்கள். காற்று இழுக்கிற துளை அடியில் இருப்பதால் பிளாஸ்டிக் மேசைவிரிப்பின் மேலோ பேப்பரின் மேலோ வைத்துப் பாவிக்கக்கூடாது. சமைத்து முடிந்ததும் உள்ளே விசிறி கொஞ்ச நேரம் ஓடும். அது நின்றபின் பிளக்கைக் கழற்றுங்கள்.

அடுப்பு நின்றுவிட்டது, சிவப்பும் இல்லை. தொடலாமா?

கண்ணாடி அடுப்பில் ஒற்றைப் படி வைத்த ஏணி போல ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து எரிந்தால் இன்னும் சூடு என்று அர்த்தம். ஹொட் பிளேட்டில் அந்த எழுத்தும் இல்லை, கறுப்பாகவே இருந்துகொண்டு சுடும். நெருப்பைக் கண்டால் குழந்தை பின்வாங்கும், இதைக் கண்டால் வாங்காது. சமைத்து முடிந்ததும் தண்ணீர் நிரப்பிய கேத்தலை அதன்மேல் வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சூடும் வீணாகாது, பேரனின் கையும் போகாது.

எண்ணெய் தீப்பிடித்தால்? கை சுட்டால்? கரண்ட் அடித்தால்?

எண்ணெய் புகைக்கத் தொடங்குவதே எச்சரிக்கை. சுத்திகரிக்காத தேங்காயெண்ணெய் 175 பாகைக்குக் கிட்டப் புகையும். பிடித்துவிட்டால் சுவிட்சை நிறுத்தி, உலோக மூடியைப் பக்கவாட்டில் இருந்து சறுக்கி மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றவேண்டாம். தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

கை சுட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

கரண்டில் ஒட்டிக்கொண்டவரைக் கையால் இழுக்கப் போகாதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச். அது எட்டாவிட்டால் காய்ந்த தடியால் அல்லது பிளாஸ்டிக் கதிரையால் தள்ளிவிட்டு, 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. இண்டக்‌ஷன் பாவிக்கலாமா?

இயங்குகிற அடுப்பில் இருந்து அந்தக் கருவி 60 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கவேண்டும். பக்கத்தில் நின்று கிண்டினால் அந்த இடைவெளி இருக்காது. அவர் சமைக்கிறவராக இருந்தால் ஹொட் பிளேட் வாங்கிக் கொடுங்கள், வைத்தியரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

திருத்தக் கொண்டுவரும்போது என்ன கொண்டுவரவேண்டும்?

அடுப்பை மட்டும் கொண்டுவராதீர்கள். அது குத்தியிருந்த பொயின்ட்டைப் போனில் ஒரு படம் எடுத்து வாருங்கள், கிட்ட வைத்து, துளை மூன்றும் தெரிகிற மாதிரி. பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு வயரை மட்டும் தொங்கவிட்டுக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கருகின பிளக்தான் எனக்கு முதலில் வேண்டும்.